அத்தியாயம் 7: ரெஜிஸ்ட்ரி ஸ்கேனை அளவோடு அமைப்பது

"கொம்பியூட்டர் சரியான ஸ்லோ, ரெஜிஸ்ட்ரியை கிளீன் பண்ணித் தாங்க தம்பி" என்று யாராவது கேட்டால், அந்த மெஷினில் அன்றாடம் என்ன வேலை நடக்கிறது என்பதை முதலில் கேட்டறியுங்கள். பதுளை பஸ் நிலையத்துப் பக்கம் கொமியூனிகேஷன் கடை நடத்துகிற அக்காவின் கணினியில் மூன்று மொழியிலும் கடிதம் அடிக்கிறார்கள். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்ட ஆபீஸில் உள்ளதில் தொழிலாளர் சம்பளப் பதிவான செக்ரோல் ஓடுகிறது. சாதாரண தரம் படிக்கும் பிள்ளையின் லெப்டொப்பில் பாடமும் படமும் இருக்கும். மூன்றிலும் ஒரே ஸ்கேன் கருவியைப் போட்டு, ஒரே பட்டனை அழுத்தினால், மூன்றில் ஒன்றிலாவது எதையோ உடைத்துவிட்டு வருவீர்கள். எதைத் தேட வேண்டும், எதைத் தொடக்கூடாது என்று கருவிக்கு முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டியவர் நீங்கள்தான். அதை எப்படிச் சொல்வது என்பதை இங்கே பார்க்கலாம்.

ரெஜிஸ்ட்ரி என்பது விண்டோஸின் அமைப்பு விவரங்கள் எல்லாம் பதிந்திருக்கும் தரவுத்தளம். 1992இல் வந்த விண்டோஸ் 3.1இல் சின்ன அளவில் தொடங்கியது. விண்டோஸ் 95 முதல் பெரும்பாலான மென்பொருள்கள் அதை நம்பியே இயங்குகின்றன. எந்தக் கோப்பை எந்தப் புரோகிராம் திறக்க வேண்டும், பிரின்டர் எந்தப் போர்ட்டில் இருக்கிறது, எந்த எழுத்துரு எந்தக் கோப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். வன்தட்டில் இது ஒரே கோப்பாக இருப்பதில்லை. மெஷினுக்குப் பொதுவான பகுதிகள் விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் கொன்ஃபிக் என்ற இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு பயனருக்கும் உரிய பகுதி அவரவர் கணக்கின் கோப்புறையில் தனியாக இருக்கிறது. பல பேர் பல கணக்கில் வந்து போகும் நெனசல நிலையம் போன்ற இடத்தில் இதை மறக்கக்கூடாது. நீங்கள் உங்கள் கணக்கில் இருந்து ஸ்கேன் ஓட்டினால் மற்றவர்களுடைய பகுதி பெரும்பாலும் கருவியின் கண்ணில் படுவதே இல்லை.

ஒரு புரோகிராமை நீக்கினாலும் அது எழுதி வைத்த சில பதிவுகள் அங்கேயே தங்கிவிடும். அவற்றைத் தேடிப் பிடிப்பதுதான் ரெஜிஸ்ட்ரி கிளீனரின் வேலை. இந்த மிச்சங்களால் கணினி மெதுவாகிறதா என்றால், இல்லை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துக்கொண்டு போவதில்லை. வேண்டிய பதிவின் பெயரைச் சொல்லி, கிளை கிளையாக இறங்கி, நேராக அதை எடுத்துக்கொள்கிறது. தோட்டத்தை விட்டுப் போனவரின் பெயர் செக்ரோலில் வெறும் வரியாகக் கிடந்தால் மற்றவர்களின் சம்பளம் தாமதமாகாது. வேலையில் இருப்பவரின் பெயரைத் தவறுதலாக வெட்டினால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. சில நூறு வெற்றுப் பதிவுகளை அழித்தாலும் மிச்சமாவது கிலோபைட் கணக்கில்தான். அந்த இடமும் ரெஜிஸ்ட்ரிக் கோப்புக்குள் வெற்றிடமாகவே நிற்கும்.

மைக்ரோசொஃப்ட் நிறுவனமே 1990களில் ரெஜ்கிளீன் என்ற கருவியை வெளியிட்டுப் பிறகு விலக்கிக்கொண்டது. ரெஜிஸ்ட்ரி கிளீனர்களைப் பயன்படுத்துவதை ஆதரிப்பதில்லை என்பதும், அவற்றால் வரும் கோளாறு சில வேளை விண்டோஸை மீண்டும் நிறுவும் அளவுக்குப் போகலாம் என்பதும் இன்று அந்நிறுவனத்தின் அறிவிக்கப்பட்ட நிலைப்பாடு. அப்படியிருக்க ஏன் ஒரு அத்தியாயம் என்றால், கருவி ஏற்கெனவே ஊரெங்கும் பரவிவிட்டது. பழைய மெஷின் வாங்கினால் அதிலேயே போட்டுக் கொடுக்கிறார்கள். அதை நீக்கிவிடுவதே என் முதல் ஆலோசனை. வைத்திருந்துதான் ஆக வேண்டும் என்றால் பின்வருமாறு அமையுங்கள்.

கருவியைத் தேர்வது

இலவசமாக ஸ்கேன் பண்ணி, நூற்றுக்கணக்கில் கோளாறு என்று சிவப்பில் காட்டி, திருத்தக் காசு கேட்கும் எந்தக் கருவியும் வேண்டாம். சைப்பிரஸைச் சேர்ந்த ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற இரு நிறுவனங்கள் இப்படி ஏமாற்றி வியாபாரம் செய்ததாக அமெரிக்க ஃபெடரல் வர்த்தக ஆணைக்குழு வழக்குத் தொடுத்து, 2024 மார்ச்சில் 2 கோடி 60 லட்சம் டொலர் கட்ட அவை உடன்பட்டன. 2019இல் ஒஃபிஸ் டிப்போ என்ற பெரிய கடைத்தொகுதியும் அதற்கு மென்பொருள் கொடுத்த நிறுவனமும் சேர்ந்து 3 கோடி 50 லட்சம் டொலர் கட்டின. அங்கே நடந்தது இன்னும் மோசம். ஸ்கேன் தொடங்கும் முன் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்பார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா என்பது போன்ற ஒன்றுக்கு ஆம் என்று குறித்தாலே, தீநிரல் அறிகுறி உண்டு என்று முடிவு வந்துவிடும். ஸ்கேன் எதைக் கண்டது என்பதற்கும் அந்த முடிவுக்கும் சம்பந்தமே இல்லை.

பெயர் பெற்ற கருவியானாலும் அதன் சொந்தத் தளத்தில் இருந்து புதிய பதிப்பை எடுங்கள். நண்பர் பென் டிரைவில் தந்த பழைய பிரதியை ஓட்டாதீர்கள். சிகிளீனரின் 5.33 பதிப்பு 2017 ஓகஸ்டில் வெளிவந்தபோது, தயாரிப்பாளரின் சொந்த வெளியீட்டுக்குள்ளேயே தீநிரல் புகுந்திருந்தது. செப்டெம்பரில் விஷயம் வெளியே வந்தபோது சுமார் 22 லட்சத்து 70 ஆயிரம் கணினிகளில் அது நிறுவப்பட்டிருந்தது. அந்தப் பதிப்பின் நிறுவல் கோப்பு இன்றும் பழைய பென் டிரைவ்களில் கிடக்கக்கூடும்.

ஸ்கேனுக்கு முன்

தோட்ட ஆபீஸ் என்றால் நாளைப் பாருங்கள். மாதம் பிறந்து 10ஆம் திகதிச் சம்பளம் முடியும்வரை அந்தக் கணினியில் கை வைக்க வேண்டாம். சம்பளம் கொடுத்து முடிந்த வாரம் போய், "ஐயா, செக்ரோல் புரோகிராமை ஒருதரம் திறந்து காட்டுங்க, ஒரு பே ஸ்லிப்பும் பிரின்ட் எடுத்துக் காட்டுங்க" என்று கிளாக்கரிடம் கேளுங்கள். இப்போது எது வேலை செய்கிறது என்பது உங்களுக்கும் அவருக்கும் தெரிந்திருந்தால்தான், பிறகு எது நின்றுபோனது என்று சொல்ல முடியும். செக்ரோல் தரவு இருக்கும் கோப்புறையை, ஊழியர் சேமலாப நிதிக் கணக்குகள் உட்பட, வெளி வன்தட்டில் பிரதி எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மேலே போங்கள்.

அடுத்து, அந்தக் கணினியோடு எப்போதாவது பொருத்தப்படும் எல்லாவற்றையும் பொருத்துங்கள். வெளி வன்தட்டு, டொங்கல், டொட் மெட்ரிக்ஸ் பிரின்டர், கொழுந்து நிறுக்கும் டிஜிட்டல் தராசின் கேபிள் இருந்தால் அதுவும். ஒரு பதிவு காட்டும் கோப்பு அந்த நேரத்தில் இல்லை என்றால் கருவி அதைச் செத்த பதிவு என்றே கணக்கிடும். டி டிரைவில் நிறுவிய புரோகிராமை, அந்த டிரைவ் கழன்று கிடக்கும் நேரத்தில் ஸ்கேன் பண்ணினால், உயிரோடு இருக்கும் புரோகிராம் அழிக்க வேண்டிய பட்டியலில் வரும்.

மீட்புப் புள்ளி அடுத்தது. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இந்த வசதி பல மெஷின்களில் நிறுத்தப்பட்ட நிலையிலேயே இருக்கும். தேடல் பெட்டியில் கிரியேட் எ ரிஸ்டோர் பொயின்ட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் வரும் பெட்டியில் சி டிரைவைத் தேர்ந்து, கொன்ஃபிகரில் போய்ப் பாதுகாப்பை ஓன் பண்ணுங்கள். இடமாக 5 சதவீதம் ஒதுக்கலாம். 120 ஜிபி எஸ்எஸ்டியில் அது 6 ஜிபி. பிறகு கிரியேட் பட்டனை அழுத்தி, அன்றைய திகதியைப் பெயராகக் கொடுங்கள். இது போதாது. ரெஜிஸ்ட்ரி எடிட்டரைத் திறந்து, ஃபைல் மெனுவில் எக்ஸ்போர்ட் போய், ஓல் என்பதைத் தேர்ந்து முழு ரெஜிஸ்ட்ரியையும் ஒரு கோப்பாகச் சேமியுங்கள். சில நிமிடங்கள் எடுக்கும். அந்தக் கோப்பை ஒரு பென் டிரைவில் போட்டுக்கொள்ளுங்கள்.

வகைகளை அமைப்பது

சிகிளீனர் போன்ற கருவியில் ரெஜிஸ்ட்ரி பக்கத்தைத் திறந்தால் இடப்பக்கம் வகைகளின் பட்டியல் வரும். எல்லாவற்றிலும் டிக் போட்டிருக்கும். பதிப்புக்குப் பதிப்பு இடமும் பெயரும் கொஞ்சம் மாறலாம், வகைகள் பெரும்பாலும் இவைதான். முதலில் எல்லா டிக்கையும் எடுத்துவிட்டு, கீழே சொல்பவற்றுக்கு மட்டும் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள்.

மிஸ்ஸிங் ஷெயார்ட் டிஎல்எல், எக்டிவ்எக்ஸ், டைப் லைப்ரரி ஆகிய மூன்றும் தோட்ட ஆபீஸ் கணினியில் டிக் இல்லாமலே கிடக்கட்டும். காரணம் செக்ரோல் மென்பொருளின் வயது. சம்பளம், கொழுந்துக் கணக்கு, ஸ்டோர் கணக்குக்கு எழுதிய பழைய புரோகிராம்கள் பல விஷுவல் பேசிக் காலத்தவை. அவை தங்களுக்கு வேண்டிய கட்டம், நாட்காட்டி, அறிக்கை வடிவம் போன்றவற்றைத் தனித்தனித் துணைக் கோப்புகளில் இருந்து எடுக்கின்றன. அந்தத் துணைக் கோப்பு எங்கே இருக்கிறது என்பதை ரெஜிஸ்ட்ரியில் நீண்ட எண்ணெழுத்துத் தொடரில் பதிந்து வைத்திருக்கும். பார்ப்பதற்கு அது அர்த்தமில்லாத குப்பை போலத்தான் தெரியும். 64 பிட் விண்டோஸில் பழைய 32 பிட் புரோகிராமின் துணைக் கோப்புகள் சிஸ்டம்32இல் இராமல் சிஸ்வோவ்64 என்ற வேறு கோப்புறையில் இருக்கின்றன. அந்த இடமாற்றத்தைச் சரியாகக் கணக்கில் எடுக்காத கருவி, இருக்கிற கோப்பையே இல்லை என்று சொல்லும். ஒரே ஒரு பதிவு போனாலும் புரோகிராம் திறக்கும்போதே பிழைச் செய்தி காட்டி நின்றுவிடும். அதை எழுதியவரைத் தேடிப் பிடிப்பது பெரும்பாடு. நிறுவல் டிஸ்க்கும் அனேகமாக ஆபீஸில் இராது.

இன்ஸ்டோலர் என்ற வகையும் வேண்டாம். எம்எஸ் ஒஃபிஸ் போன்றவற்றைத் திருத்தவும் நீக்கவும் விண்டோஸ் அந்தப் பதிவுகளையே பார்க்கிறது. விண்டோஸ் சேர்விஸ் வகையையும் தொடாதீர்கள். ரன் அட் ஸ்டார்ட்அப்பில் வருவதை அழிப்பதை விட, டாஸ்க் மெனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்தில் டிஸேபிள் பண்ணுங்கள். நாளை தேவைப்பட்டால் அதே இடத்தில் திரும்ப எனேபிள் பண்ணலாம்.

டிக் போடக்கூடியவை சில உண்டு. எம்யூஐ கேஷ் என்பது புரோகிராம் பெயர்களின் தற்காலிகப் பட்டியல், விண்டோஸே திரும்ப எழுதிக்கொள்ளும். ஸ்டார்ட் மெனு ஓர்டரிங், ஹெல்ப் ஃபைல்ஸ், சவுண்ட் இவென்ட்ஸ் ஆகியவை போனாலும் நட்டமில்லை. ஒப்சொலீட் சொஃப்ட்வெயார், எப்ளிகேஷன் பாத்ஸ் இரண்டிலும் டிக் போட்டு ஸ்கேன் பண்ணலாம், ஆனால் வருவதை வரிவரியாக வாசித்த பிறகே தீர்மானியுங்கள்.

எழுத்துரு வகையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கொமியூனிகேஷன் கடைகளில் இன்னமும் பாமினி எழுத்துருவில் அடித்த கடிதங்களும் விண்ணப்பங்களும் ஆயிரக்கணக்கில் கிடக்கின்றன. சிங்களத்துக்கு எஃப்எம் அபய போன்றவை. பாமினி யூனிகோட் எழுத்துரு இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குரிய இடத்திலேயே தமிழ் வடிவங்களை வைத்திருக்கிறது. அதன் பதிவு அழிந்தால், பத்து வருடமாகச் சேர்த்து வைத்த மரணச் சான்றிதழ் விண்ணப்ப மாதிரியும் காணிக் கடிதமும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் குழம்பித் தெரியும். கோப்பு கெட்டுவிடவில்லை, எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் சரியாகும். ஆனால் வாசலில் ஆள் நிற்கும்போது அக்காவுக்கு அது தெரியாது. பென் டிரைவில் அல்லது டி டிரைவில் இருந்த எழுத்துருவைக் குறுக்குவழியாக மட்டும் நிறுவியிருந்தால், அந்த டிரைவ் இல்லாதபோது ஸ்கேன் அதைத்தான் முதலில் பிடிக்கும். ஆகவே ஃபொன்ட்ஸ் வகை டிக் இல்லாமல் இருக்கட்டும். எழுத்துருக் கோப்புகளை ஒரு தனிக் கோப்புறையில் பிரதி எடுத்து வையுங்கள். விண்டோஸ் 10இன் 1809 பதிப்பு முதல், சாதாரணமாக நிறுவும் எழுத்துரு அந்தப் பயனர் கணக்குக்கு மட்டுமே போகிறது. கடையில் இரண்டு கணக்கு இருந்தால் எழுத்துருவில் வலச்சொடுக்கி, இன்ஸ்டோல் ஃபோர் ஓல் யூசர்ஸ் என்பதைத் தேர்ந்து நிறுவுங்கள். ரெங்கநாதன் விசைப்பலகையைத் தனி மென்பொருளாக நிறுவியிருந்தால் அதன் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் ஸ்கேன் பார்ப்பதற்கு மட்டும். முடிவுப் பட்டியலில் வலச்சொடுக்கினால் டெக்ஸ்ட் கோப்பாகச் சேமிக்கும் வழி இருக்கும், சேமித்துக்கொள்ளுங்கள், எதையும் திருத்தாதீர்கள். செக்ரோல், பிரின்டர், டொங்கல், எழுத்துரு, விசைப்பலகை ஆகியவற்றின் பெயர் எந்த வரியில் வந்தாலும் அதை வலச்சொடுக்கி எக்ஸ்க்ளூட் பட்டியலில் சேருங்கள். இனி வரும் ஸ்கேன்களில் அது வராது. இந்தப் பட்டியலை ஒழுங்காக நிரப்புவதற்கு எடுக்கும் அரை மணித்தியாலம்தான் இந்த வேலையிலேயே பயனுள்ள நேரம்.

திருத்தும்போது பத்துப் பத்து வரியாகப் போங்கள். மாற்றங்களைப் பிரதி எடுக்கவா என்று கருவி கேட்டால் எப்போதும் ஆம். ஒவ்வொரு தடவையும் கணினியை ரீஸ்டார்ட் பண்ணி, முன்பு கிளாக்கர் காட்டிய அதே வேலைகளைத் திரும்பச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

தானியங்கி ஸ்கேனை முற்றாக நிறுத்துங்கள். சில கருவிகளில் தினம், வாரம், லொக்ஒன் ஆகும்போது என்று அட்டவணை இருக்கும். கருவியின் செட்டிங்ஸில் அணைத்த பிறகு, விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரையும் திறந்து அதன் பெயரில் ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று பாருங்கள். வேக ஸ்கேன், ஆழ ஸ்கேன் என்று இரண்டு இருந்தால் ஆழ ஸ்கேனை ஒருபோதும் ஓட்ட வேண்டாம். டொங்கல் டேட்டாவில் இயங்கும் மெஷினில், கருவியின் தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்தி, விண்டோஸில் அந்த இணைப்பை மீட்டர்ட் என்று குறித்துவிடுங்கள். மாதக் கடைசியில் டேட்டா மிஞ்சும்.

ரெஜிஸ்ட்ரி கெடுவதற்கும் கணினி மெதுவாவதற்கும் உண்மைக் காரணம்

ஊவாவில் ரெஜிஸ்ட்ரி கெட்டுப்போவதற்கு நான் முதலில் சந்தேகப்படுவது மின்சாரத்தை. விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் கரண்ட் போனால் கோப்பு அரைகுறையாக நிற்கும். அதைச் சரிசெய்ய விண்டோஸ் பக்கத்திலேயே லொக் கோப்புகள் வைத்திருக்கிறது, பெரும்பாலும் சமாளித்துவிடும். எல்லா வேளையும் சமாளிக்காது. 2022இல் நாடெங்கும் நாளுக்குப் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த காலத்தை எல்லோரும் அனுபவித்தோம். ஒக்டோபர், நவம்பர் மாதப் பின்னேர இடிமழையில் மலைத்தோட்டங்களில் லைன் போவது இன்றும் வழமை. ஒரு சிறிய யூபிஎஸ், இடி தொடங்கியதும் பிளக்கைக் கழற்றும் பழக்கம், இவை எந்தக் கிளீனரை விடவும் ரெஜிஸ்ட்ரியைக் காப்பாற்றும்.

வேகம் வேண்டுமென்றால் சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போடுங்கள். 4 ஜிபி ரெம் என்றால் 8 ஆக்குங்கள். தொழிற்சாலைப் பக்கத்து ஆபீஸ் என்றால் உள்ளே தேயிலைத் தூசு படிந்து ஃபேன் சுற்றாமல் இருக்கும். ஈரப்பதத்தில் ரெம்மின் முனைகள் கறுத்திருக்கும். துடைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும். சி டிரைவ் நிறைந்திருந்தால் ஸ்டோரேஜ் சென்ஸ் போதும். விண்டோஸ் கோப்பு கெட்டிருக்கும் சந்தேகம் இருந்தால் கொமாண்ட் ப்ரொம்ப்டை எட்மினாகத் திறந்து, ஆங்கிலத்தில் எஸ்எஃப்சி, ஒரு இடைவெளி, சாய்கோடு, அதை ஒட்டி ஸ்கேன்நவ் என்று அடித்து ஓட விடுங்கள். இது மைக்ரோசொஃப்ட்டின் சொந்தக் கருவி.

உடைந்துவிட்டால்

விண்டோஸ் திறக்கிறது, ஒரு புரோகிராம் மட்டும் நின்றுவிட்டது என்றால், கருவி எடுத்து வைத்த பிரதிக் கோப்பை இரட்டைச் சொடுக்கி ரெஜிஸ்ட்ரியில் சேருங்கள். அழிந்தவை திரும்பி வரும். பிறகு ரீஸ்டார்ட். அதிலும் சரியாகாவிட்டால் மீட்புப் புள்ளிக்குப் போங்கள்.

விண்டோஸே திறக்காவிட்டால், தொடங்கும்போது இரண்டு மூன்று தடவை பவர் பட்டனை அழுத்தி நிறுத்தினால் மீட்புத் திரை தானாக வரும். ட்ரபிள்ஷூட், எட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ், சிஸ்டம் ரிஸ்டோர் என்ற வழியில் உங்கள் திகதியிட்ட புள்ளியைத் தேர்ந்தெடுங்கள். அந்தப் புள்ளிக்குப் பிறகு நிறுவியவை போய்விடும் என்பதை உரியவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள்.

யூடியூபில் இன்னொரு வழி சொல்வார்கள்: கொன்ஃபிக் கோப்புறைக்குள் இருக்கும் ரெக்பேக் என்ற இடத்தில் இருந்து பழைய ரெஜிஸ்ட்ரிக் கோப்புகளை எடுத்து மேலே பிரதியிடுவது. விண்டோஸ் 7இல் அது வேலை செய்தது. விண்டோஸ் 10இன் 1803 பதிப்பில் இருந்து, இடத்தை மிச்சப்படுத்துவதற்காக, மைக்ரோசொஃப்ட் அந்தத் தானியங்கிப் பிரதியை நிறுத்திவிட்டது. பெயரளவில் கோப்புகள் இருக்கும், அளவு 0 கிலோபைட். அவற்றை மேலே பிரதியிட்டால் மிஞ்சியிருந்த ரெஜிஸ்ட்ரியும் போய்விடும். பிரதியிடும் முன் கோப்பின் அளவைப் பாருங்கள். 0 என்றால் நிறுத்திவிட்டு, செக்ரோல் தரவு இருக்கும் அந்த வெளி வன்தட்டையும் நிறுவல் யூஎஸ்பியையும் எடுத்துக்கொண்டு விண்டோஸைப் புதிதாக நிறுவத் தயாராகுங்கள். அதற்கான படிகள் அடுத்த அத்தியாயத்தில் உள்ளன.